முடிவைச் சொல்லாமல்

உத்திராபதியின் முகத்தை அந்த வருடம் பார்க்காதவர்கள் நாட்டில் கிடையாது. படத்தில், தான் வேலை பார்க்கும் அணையின் கட்டுப்பாட்டு அறையில் நிற்கிறார். எதிரே நீர்மட்டத்தைக் காட்டும் கருவி. அதன் முள் மெல்ல மேலே ஏறுகிறது. அவர் அதைப் பார்க்கிறார், உதட்டைக் கடிக்கிறார், பிறகு வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனை எடுக்கிறார். படம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு சேந்தனாற்று வெள்ளத்தில் ஏழு குழந்தைகள் போனார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தால் சோறு இறங்காது. கூப்பிட்டது காதில் விழாமல் யாராவது நடந்து போனால், "என்னடா, உத்திராபதி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிற?" என்று டீக்கடையில் கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் நாறிப்போயிருந்தது.

இத்தனைக்கும் அந்தப் படத்தை எடுத்தவர் என்று யாரும் கிடையாது. அந்த அறையில் கேமராவே இல்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, மீள்காட்சி நிலையத்தில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த தடயங்களை இயந்திரத்துக்குள் கொட்டி, அந்த அறையையும் அந்த முகத்தையும் மறுபடி எழுப்பியவன் மாசிலாமணி. நிலையத்தில் இந்த வேலைக்குத் தூர் வாருவது என்று பெயர். அடியில் படிந்து கிடப்பதை அள்ளி மேலே போடுகிற வேலை. நான்கு வருடமாக வாரிக்கொண்டிருந்தான். கைராசிக்காரன் என்று பெயர் வேறு வாங்கியிருந்தான்.

விசாரணை ஆணையத்தின் கடைசி அமர்வு நடக்கவிருந்த அன்று காலையில், அந்தக் கைராசிக்காரன் இயக்குநர் வேதநாயகத்தின் மேசை மேல் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, முகமெல்லாம் வேர்த்துப்போய் நின்றான்.

இரண்டு திரையிலும் அதே அறை, அதே நேரம், அதே உத்திராபதி. இடது பக்கத்தில் ஊரே பார்த்த படம். வலது பக்கத்தில் இருந்த உத்திராபதியோ ஒரு மர ஸ்கேலை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். முள் ஏறியபோது அவர் பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது. போன் அடித்தது. திரும்பினார், எடுத்தார். உதட்டைக் கடிக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"இது யாரு பண்ண வேலை?" என்று கேட்டார் வேதநாயகம்.

"நம்ம மெஷின்தான் சார்."

விஷயம் இதுதான். முந்தின நாள், அமர்வுக்குக் கொண்டுபோக இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று மாசிலாமணி தடயங்களை ஏற்றியிருக்கிறான். போன் மணி அடித்த இடம் வரைக்கும் ஏற்றியாயிற்று. மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஏற்றலாம் என்று போனவன், வந்த அவசரத்தில் மறந்துபோய் ஓட்டிவிட்டான். திரையில் வேறொரு ஆள் நின்றார். முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தான். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தபோதும் அதே ஆள்தான் நின்றார்.

"நமக்குக் கிடைக்கிறது எல்லாம் துண்டு துண்டுதான் சார்," என்றான். "போன் அடிச்சது உண்மை. முள் ஏறுனது உண்மை. ஆபீஸ் போன்ல பதிவாகியிருந்த செருப்புச் சத்தம்கூட உண்மை. நடுவுல இருக்கற ஓட்டையை மெஷின் அடைக்குது. எதை வச்சு அடைக்குது? கடைசியில என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியும். ஏழு பிள்ளைங்க செத்துப்போனது தெரியும். அப்ப இந்த ஆளு முகத்துல ஒரு திருட்டு முழி இருந்தாத்தான் கதை பொருந்தும். அதனால அதுவே ஒண்ணை வச்சிடுது."

"முடிவைச் சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இவரு வெறும் ஆளு சார். போன் அடிக்குது, திரும்புறாரு."

வேதநாயகம் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் வந்த பிறகு காசு வாங்கிக்கொண்டு பொய் சாட்சி சொல்கிறவன் பிழைப்பு போயிற்று என்று உண்மையாகவே பெருமைப்பட்ட மனிதர். அவர் மனதுக்குள் அப்போது யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்பது மாசிலாமணிக்கும் தெரியும். மருந்து மாற்றிப் போட்ட ஒரு நர்ஸ். பள்ளி வேனில் மோதிய ஒரு லாரி டிரைவர். தீப்பிடித்த விடுதியின் காவலாளி. எல்லோரும் சிறையில் இருந்தார்கள். நிலையம் காட்டிய படத்தில் எல்லோர் முகத்திலும் அந்தக் கடைசி நேரத்தில் அதே முழி இருந்தது.

"தப்பு பண்றவன் மூஞ்சி தானா காட்டிக்கொடுத்துடும்னு நானே மேடையில பேசியிருக்கேன் மாசி," என்றார். குரல் இறங்கியிருந்தது.

பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். இன்றைக்கு அங்கே போய் இதைச் சொன்னால் நேற்று வரைக்கும் நிலையம் கொடுத்தது எல்லாம் கழன்று விழும் என்றும், அமர்வு முடியட்டும், ஒரு கமிட்டி போட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எடுத்துச் சொன்னார். மாசிலாமணி, அதற்குள் உத்திராபதிக்குப் பத்து வருடம் விழுந்துவிடுமே என்றான். மீள்காட்சிச் சட்டத்தில் ஆணையம் சொன்னால் சொன்னதுதான், மேலே போக வழியில்லை.

"நீங்க படம் காட்டப் போறவர். சாட்சி சொல்லப் போறவர் இல்ல. காட்டிட்டு வாங்க," என்று முடித்துக்கொண்டார் வேதநாயகம்.

கலெக்டர் அலுவலகத்தின் கூட்ட அரங்குக்கு வெளியே அரசடிப்படுகை ஊர் மொத்தமும் நின்றது. சேந்தனாற்றின் கரையில், அணைக்குக் கீழே இருக்கும் முதல் ஊர் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆறு வெறும் மணல்தான். அணை திறக்கப் போகிறார்கள் என்றால் அபாயச் சங்கு ஊதும். ஆற்றில் நிற்கிறவர்கள் ஓடிக் கரையேறுங்கள் என்பதற்காக அதிகாரிகள் வைத்த சங்கு. ஆனால் அரசடிப்படுகையில் சங்குச் சத்தம் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை கையில் ஒரு சொம்பைக் கொடுத்து ஆற்றுக்கு விரட்டுவார்கள். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் கணுக்காலளவுக்கு ஊர்ந்து ஊர்ந்து வரும், முன்னால் நுரையைத் தள்ளிக்கொண்டு. அந்த நுரையை மொண்டு வந்து வாசலில் தெளித்தால் வீடு விளங்கும் என்று நம்பிக்கை. பெரியவர்கள் மொள்ளக்கூடாது, பிள்ளைகள்தான் மொள்ள வேண்டும். போலீஸும் வருவாய்த் துறையும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டன. இத்தனை காலத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை, அப்புறம் யார் கேட்பார்கள்?

அந்த ஏழு பிள்ளைகள் போன நாளில்தான் வினை வந்தது. அணை திறந்து சங்கு ஊதி, பிள்ளைகள் ஆற்றில் இறங்கிய பிறகு, மேலே காட்டுக்குள் எங்கோ இருந்த பழைய ஏரி ஒன்றின் கரை உடைந்து அத்தனை தண்ணீரும் அணைக்குள் பாய்ந்தது. அப்படி ஒரு ஏரி அங்கே நிறைந்து கிடந்ததே யாருக்கும் தெரியாது. மதகு முழுவதையும் தூக்காவிட்டால் அணையே போய்விடும். தூக்கினார்கள்.

வழக்குப் போட்டவள் செங்கமலம். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். போனவர்களில் ஒருத்தி அவள் மகள் யுவஸ்ரீ. வராந்தாவில் மாசிலாமணியைக் கண்டதும் அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நீங்கதானே அந்தப் படம் போடுறவரு?"

ஆமாம் என்றான். அவள் அவனை ஓரமாகக் கூட்டிப்போய்த் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். பஜாரில் இப்போது தனியார் தூர்கடைகள் முளைத்திருக்கின்றன. நிலையத்து இயந்திரத்தின் குட்டியை வைத்துக்கொண்டு, தொலைந்த நகை, கல்யாணத்தில் நடந்த சண்டை என்று வாரிக் காட்டுகிற கடைகள். அதில் ஒன்றில் போன மாதம் தன் வீட்டு வாசலை வாரிப் பார்த்திருக்கிறாள். சங்கு ஊதியதும் மகள் கையில் சொம்பைக் கொடுத்தது அவள்தான். அது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் கடைக்காரன் காட்டிய படத்தில் யுவஸ்ரீ வாசற்படியில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். முகத்தில் பயம். போகமாட்டேன் என்பதுபோல ஒரு பார்வை. தாய் தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே, போ போ என்று கையை வீசுகிறாள்.

"எனக்கு அப்பிடி ஞாபகமே இல்ல தம்பி. சிரிச்சுக்கிட்டே ஓடுனான்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். மெஷின் பொய் சொல்லாதுங்கறாங்க. அப்ப நான்தான் எனக்குத் தோதா மறந்துட்டேன் போல."

சொல்ல வேண்டிய வார்த்தை மாசிலாமணிக்கு வாய் வரைக்கும் வந்து நின்றது. அரங்குக் கதவருகே வேதநாயகம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு உள்ள போகணும் தம்பி," என்றாள் செங்கமலம். "அவரு மேல தப்பு இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் யாரு மேலன்னு கேப்பாங்கல்ல. ஊரு கேக்காட்டியும் நான் கேப்பேன்ல."

உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆணையத்தின் தலைவர் ஞானசவுந்தரி. நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்; பேசினால் எதிரே இருப்பவர் உட்கார்ந்த இடத்தில் நெளிவார். அரசுத் தரப்பு வக்கீல் படத்தை ஓட்டச் சொன்னதும் மாசிலாமணி ஓட்டினான். ஊரே பார்த்த அதே படம். முள் ஏறியது, உதடு கடிபட்டது, முகம் திரும்பியது. அரங்கம் முழுக்க ஒரு சீறல் எழுந்து அடங்கியது. முன்வரிசை ஓரத்தில், கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்த உத்திராபதி தன் முகத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் ஏறியதைப் பார்த்த அந்தக் கணமே இவர் ஒரு போன் போட்டிருந்தால் போலீஸ் போய்ப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கும், அதற்கு நேரம் இருந்தது, பார்த்தும் திரும்பிக்கொண்டார், வழக்கு இவ்வளவுதான் என்றார் வக்கீல்.

ஞானசவுந்தரி உத்திராபதியைப் பார்த்தார். "போன் இருக்கட்டும். இன்னொரு தடவை சங்கு ஊதியிருக்கலாமே?"

"ஊதினேன்மா," என்றார் உத்திராபதி. "தண்ணி கிடுகிடுன்னு ஏறுறதைப் பாத்ததும் ஊதினேன். முதல் சங்குக்கு வராம வீட்டுல இருந்த பிள்ளைங்களும் அதைக் கேட்டுட்டு வந்துடுச்சுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் பிள்ளை இரண்டாவது சங்குக்குப் போனது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து வருவது வழக்கமான கேள்வி. ஒவ்வொரு அமர்விலும் படம் காட்டுகிறவனிடம் கேட்பார்கள், அவன் ஆம் என்பான், எழுதிக்கொள்வார்கள். இந்தப் படத்தில் இருப்பது நடந்ததுதான் என்று நிலையம் உறுதி சொல்கிறதா என்று ஞானசவுந்தரி கேட்டார். காகிதத்திலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

மாசிலாமணி வேதநாயகத்தைப் பார்த்தான். அவர் கண்ணாலேயே ஆம் சொல்லு என்றார். செங்கமலத்தைப் பார்த்தான். அவள் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள், வாசற்படியில் திரும்பிப் பார்த்த ஒரு பயந்த முகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு. அந்தப் பயத்தை அங்கே வைத்தது யார் என்று இந்த அரங்கத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஆம் என்கிற சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மணி அடிச்சது நடந்ததும்மா," என்றான். "முள் ஏறுனதும் நடந்தது. அந்த முகம் நடந்ததான்னு எனக்குத் தெரியாது."

ஞானசவுந்தரி தலையை நிமிர்த்தினார். வக்கீல் எழுந்தார், வேதநாயகமும் எழுந்தார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைவர் கையைக் காட்டி இருவரையும் உட்கார வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றார்.

காலையில் இயக்குநரிடம் சொன்னதையே சொன்னான். முடிவு தெரிந்த இயந்திரம் முடிவுக்கு ஏற்ற மாதிரி முகங்களைப் போட்டுவிடுகிறது என்றான். முடிவைச் சொல்லாமல் ஓட்டியபோது வேறு முகம் வந்தது என்றான். அரங்கத்தில் முணுமுணுப்பு கூடிக்கொண்டே போயிற்று. காசு வாங்கிட்டான்டா என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது நன்றாகவே கேட்டது.

"போன் மணி அடிச்ச இடத்துல தடயத்தை நிறுத்திட்டு, அதுக்கு மேல ஓட்டச் சொன்னா இயந்திரம் எதைக் காட்டும்?" என்று கேட்டார் ஞானசவுந்தரி.

"அந்த நேரத்துல எல்லாத் தகவலும் கையில வச்சிருந்த ஒருத்தர், அடுத்து என்ன நடக்கும்னு எதிர்பாத்திருப்பாரோ அதைக் காட்டும். மழைமானி, முள், மேல இருந்து எடுத்த மேகப் படம், எல்லாம் அதுகிட்ட இருக்கு. இவருக்குத் தெரியாததும் சேத்து."

"அதுல வெள்ளம் வந்தா?"

"வந்தா, தெரிஞ்சிருக்கணும்னு அர்த்தம். இவரு பாத்திருக்கணும்."

"வரலைன்னா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாதுன்னு அர்த்தம்."

"நீங்க ஓட்டிப் பாத்துட்டீங்களா?"

"இல்லம்மா. அந்த அறை வரைக்கும்தான் பாத்தேன். ஆத்தை ஓட்டிப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

உண்மையைச் சொன்னான். அதைக் கேட்டதும் முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. ஞானசவுந்தரி உத்திராபதியிடம் திரும்பினார். இந்த ஓட்டத்தில் வெள்ளம் வந்துவிட்டால் அது உங்கள் கழுத்துக்குத்தான் கயிறு, சட்டப்படி நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம் என்றார்.

உத்திராபதி எழுந்து நின்றார். "ஓட்டச் சொல்லுங்கம்மா. அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டி, இப்பல்லாம் நான் முள்ளைப் பாத்துட்டுத்தான் திரும்புனேன்னு எனக்கே தோணுது. பாத்தேனா பாக்கலையான்னு எனக்கே தெரியணும்."

வேண்டாம் என்று செங்கமலம் சொல்லியிருக்கலாம். வழக்குப் போட்டவளுக்கு அந்த உரிமை உண்டு. கைப்பிடியை விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி போன் மணிக்குப் பிறகான தடயம் அத்தனையையும் எடுத்துவிட்டு, சங்கு ஊதிய இடத்திலிருந்து ஓட்டினான்.

சங்கு ஊதியது. அரசடிப்படுகையின் தெருக்கள் தெரிந்தன. கதவுகள் திறந்தன. செங்கமலத்தின் வீடு வந்தபோது அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். திரையில் தையல் மெஷினின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தாய் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொம்பை நீட்டினாள். யுவஸ்ரீ அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "நான்தான் மொதல்ல" என்று கத்திக்கொண்டே வாசற்படியைத் தாண்டிக் குதித்து ஓடினாள். நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு மட்டும் தெருவில் கொஞ்ச தூரம் கேட்டது.

"சிரிச்சுக்கிட்டுத்தான் ஓடுறா," என்றாள் செங்கமலம், பக்கத்தில் இருந்தவளிடம். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கட்டுப்பாட்டு அறை. முதுகைச் சொறிந்துகொண்டு ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உத்திராபதி. முள் ஏறியது. போன் அடித்தது. அந்த மணியோடு தடயம் முடிந்தது, இனி வருவது இயந்திரத்தின் எதிர்பார்ப்பு. திரும்பி எடுத்தார். அவர் மனைவி பேசினாள். இனி வருவது இயந்திரத்தின் எதிர்பார்ப்பு. வரும்போது தேங்காய் வாங்கி வரச் சொன்னாள் மனைவி. அவர் சரி சரி என்றார். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

வக்கீல் முன்னால் சாய்ந்தார். முள் மேலும் ஒரு கோடு ஏறியது. ஏறிய இடத்தில் ஆடியது. பிறகு, எத்தனையோ நாள் ஏறி இறங்கியதுபோலவே, மெல்ல இறங்கி நின்றது.

உத்திராபதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இனி ஆறு. மணலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், சொம்புகளோடு. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. பெற்றவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த வளைவில் தண்ணீர் மதில் போல எழுந்து வந்ததை அவன் பழைய ஓட்டத்தில் பார்த்திருக்கிறான். அந்தக் கணம் வந்தது.

வளைவைத் திரும்பி, நுரையைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் ஊர்ந்து வந்தது. கணுக்காலளவுதான். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் பின்னோக்கி ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள், மொண்டார்கள். யுவஸ்ரீ ஒரு பையனைத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டாள். அந்தப் பையனின் தகப்பன் அரங்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். இரண்டாவது சங்கு ஊதவே இல்லை. ஊத வேண்டிய தேவை அந்த ஆற்றில் வரவில்லை.

"போதும்," என்றார் ஞானசவுந்தரி. "ஆணையத்துக்கு இது போதும். நிறுத்துங்க."

"நிறுத்தாதீங்கம்மா," என்றாள் செங்கமலம். "வீட்டுக்கு வரட்டும்."

இது நடந்தது இல்லை என்று ஞானசவுந்தரி மெதுவாக எடுத்துச் சொன்னார். இனிமேல் வருவதெல்லாம் இயந்திரம் கட்டுகிற கதை என்றார். தெரியும் என்றாள் அவள். தெரியும், வீட்டுக்கு வரட்டும். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அவரையே பார்த்தார்கள். ஞானசவுந்தரி மாசிலாமணியைப் பார்த்து, நடக்கட்டும் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

பிள்ளைகள் கரையேறினார்கள். தெருத் தெருவாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஒவ்வொரு வாசலுக்குள் போனது. ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே போகும்போது அரங்கத்தில் எங்கோ ஓர் இடத்தில் ஒரு மூச்சு வெளியே வந்தது. கடைசியில் யுவஸ்ரீ வந்தாள். பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. தலையெல்லாம் மணல். வாசற்படியில் வந்து நின்று, சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, நான்தான் மொதல்ல மொண்டேன்."

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த செங்கமலம் தலையைத் தூக்கவில்லை. நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டிய ரவிக்கையின் கைக்குழி மடிப்பில் கண் இருந்தது.

"அங்க வை. ஈரத்தோட உள்ள வராத, துணி நனைஞ்சிடும்."

யுவஸ்ரீ நின்றாள். அம்மா பார்ப்பாள் என்று சொம்பைத் தூக்கிப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

அரங்கத்தில் செங்கமலம் எழுந்துவிட்டாள். யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை.

"ஏய்," என்றாள் திரையைப் பார்த்து. "திரும்பிப் பாருடி."

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்து நிக்கறாடி. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரு."

திரையில் இருந்தவள் திரும்பவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும்? பிள்ளை ஆற்றுக்குப் போயிற்று, வந்துவிட்டது. நாளைக்கும் வாசலில் வந்து நிற்கும். இயந்திரம் அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் துளிகூடப் பிசகவில்லை. யுவஸ்ரீ கை வலித்துப்போய்ச் சொம்பைப் படியோரம் வைத்துவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டே கொல்லைப் பக்கம் போனாள்.

செங்கமலம் அங்கேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உத்திராபதி உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஞானசவுந்தரியிடம் சொன்னாள்:

"அந்த நேரத்துல அவரு திரும்பிப் பாக்கலைன்னுதாம்மா நான் கேஸ் போட்டேன்."

ஞானசவுந்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். படத்தை நிறுத்த வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மாசிலாமணிக்குத் தோன்றியது, கை வரவில்லை. திரையில் இருந்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.